விடுதலைக்குப் பயந்த கொத்தனார்

பதினைந்து நாளைக்கு ஒரு முறை எங்கள் சிறையில் எடை போடும் நாள் வரும். காலையில் கஞ்சி ஊற்றுவதற்கு முன்பே ஆஸ்பத்திரி வராந்தாவில் தராசை இழுத்துப் போட்டு, முள் நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். கைதிகள் அரை நிஜாரோடு வரிசையாக வந்து ஏறுவார்கள். நான் பவுண்டைப் படிப்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ரைட்டர் அவரவர் டிக்கெட்டில், அதாவது கைதியின் பதிவுச் சீட்டில், எழுதுவார். போன முறையைவிட நாலு பவுண்டுக்கு மேல் குறைந்திருந்தால் சிவப்பு மையில் ஒரு கோடு. அந்த ஆள் அன்றைக்கே டாக்டரைப் பார்த்தாக வேண்டும். கைதியின் உடம்பைப் பற்றி அரசாங்கம் எங்களிடம் கேட்டது ஏறக்குறைய அவ்வளவுதான். மனசு என்று ஒரு கட்டம் அந்த டிக்கெட்டில் கிடையாது.

இப்போது இருக்கிறதாம். நான் பார்த்த அதே கம்பவுண்டர் வேலையில் இன்று இருக்கும் பெண், போன மாதம் என்னைத் தேடி வந்தபோது ஒரு படிவத்தைக் காட்டினார். அறுபது வயது தாண்டிய கைதிகளிடம் கேட்டு நிரப்ப வேண்டியது. தூக்கம் எப்படி, பசி எப்படி, பார்க்க யாராவது வருகிறார்களா. கடைசியில், உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா.

"இத எப்படி சார் ஒரு பெரியவர் மூஞ்சியப் பார்த்துக் கேக்கறது? இல்லாத நெனப்ப நாமளே கெளப்பி விட்ட மாதிரி ஆயிடாதா?" என்றார்.

எனக்கும் ஒரு காலத்தில் அதே பயம் இருந்தது. அது எப்படிப் போனது, போன பிறகும் நான் எங்கே தவறினேன் என்பதைச் சொன்னேன். "எழுதி வைங்க சார்" என்றார். எழுதுகிறேன். சிறையின் பெயர் வேண்டாம். பெங்களூரில் இருந்தது, அது போதும். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

நான் நீலசந்திராவில் பிறந்தவன். அப்பா கண்டோன்மென்டில் ஒரு துரை வீட்டுத் தோட்டக்காரர். துரை கப்பலேறிய பிறகு, நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கட்டுக் கட்டவும் மருந்து கலக்கவும் கற்றுக்கொண்டு, கம்பவுண்டர் பரீட்சை எழுதி, சிறைக்கு வந்தேன். சுதந்திரம் வந்து மூன்று நாலு வருஷம் ஆகியிருக்கும்.

சேர்ந்த இரண்டாவது வருஷம் லிங்கப்பா என்று ஒரு விசாரணைக் கைதி வந்தார். அறுபத்தைந்து வயசு. நிலத் தகராறில் கைதானவர். வந்த நாள் முதல் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சோறு குறைவாக இருக்கிறது என்றோ கம்பளி கடிக்கிறது என்றோ ஒரு வார்த்தை இல்லை. 'சாது மனுஷன்' என்று வார்டர்கள் மெச்சிக்கொண்டார்கள். நானும்தான். நாலாம் நாள் அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். விசாரணைக்கு வந்த அதிகாரி என்னிடம் மூன்று கேள்வி கேட்டார். கம்பளி கொடுத்தீர்களா, சாப்பாடு கொடுத்தீர்களா, எடை பார்த்தீர்களா. மூன்றுக்கும் ஆமாம் என்றேன். பொய்யில்லை. நாலு நாளில் லிங்கப்பாவோடு ஒரு நிமிஷம் உட்கார்ந்து யாராவது பேசினார்களா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?

அதற்குச் சில மாதம் கழித்துத்தான் டாக்டர் வரதராஜன் எங்களுக்கு மெடிக்கல் ஆபீசராக வந்தார். மைசூர் சமஸ்தானத்தில் மூன்று தலைமுறையாக உத்தியோகம் பார்த்த தமிழ்க் குடும்பம். வார்டர்களிடம் கன்னடம், என்னிடம் தமிழ், காகிதத்தில் இங்கிலீஷ். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. ஒரு நோயாளியைப் பார்ப்பதற்கு முன்பு போலவே, ஒரு ஃபைலைத் திறப்பதற்கு முன்பும் கை கழுவுவார். ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைத்தால் மற்ற டாக்டர்களைப் போல் இரண்டு தரம் கேட்டு எடுக்க மாட்டார். சும்மா வைத்துக்கொண்டே நிற்பார்.

"இவ்வளவு நேரம் என்ன சார் கேக்குது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்ணும் கேக்கலை, முனிசாமி. அவன் பேசறதுக்கு டைம் குடுக்கறேன்" என்றார்.

லிங்கப்பாவின் ஃபைலை அவர் படித்த அன்று என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. "இனிமே அறுபது தாண்டின ஆள் யார் வந்தாலும், வந்த அன்னிக்கே என்கிட்ட கூட்டிண்டு வாங்க. அப்புறம் மூணு சமயம் ஞாபகம் வெச்சுக்குங்க. உள்ள வந்த முதல் வாரம், கோர்ட்டுல தீர்ப்பு ஆன மறுநாள், வீட்டுலேர்ந்து கெட்ட சேதி வந்த நாள். அந்தச் சமயத்துல வயசானவாளைத் தனியா விடப்படாது."

அப்படி வந்த முதல் கிழவரிடம் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "செத்துப் போயிடலாம்னு தோண்றதா?" என்று நேராகவே கேட்டார். அந்தக் கிழவர் தோளில் கிடந்த துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். அரை மணி நேரம் அழுதார். பிறகு கஞ்சி குடித்தார். "கேக்கறதால வராது முனிசாமி. ஏற்கெனவே வந்திருக்கும். அதைச் சொல்ல ஒரு ஆள் கிடைக்கும், அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

டாக்டர் சொன்ன மூன்று சமயங்களில் விடுதலை நாள் இல்லை. அவருக்கும் அது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. விடுதலை என்றால் சந்தோஷம் என்றுதானே யாரும் நினைப்பார்கள்.

ஆஸ்பத்திரி வார்டில் எனக்குக் கையுதவியாக இருந்தவர் வீராசாமி. ஆயுள் கைதி. வெளியே இருந்தபோது கொத்தனார். குடிவெறியில், சந்தேகத்தில், பெண்டாட்டியைக் கொன்றுவிட்டு வந்தவர். அதை அவர் மறைக்கவும் மாட்டார், பேசவும் மாட்டார். ஐம்பதுகளின் பிற்பகுதியில் அவருக்கு அறுபத்தேழு வயசு இருக்கும். உள்ளே வந்து பதினாலு வருஷம். சாகக் கிடக்கும் நோயாளிகளின் பக்கத்தில் உட்கார டாக்டர் தேர்ந்தெடுத்த ஆள் அவர்தான். வாயில் தண்ணீர் விடுவார், ஈ ஓட்டுவார், தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேச மாட்டார். மனசு சரியில்லாதவர் என்று டாக்டர் சந்தேகப்படும் ஆட்களையும் அவர் பார்வையில்தான் விடுவோம்.

நன்னடத்தைக்கான கழிவெல்லாம் போக அவருக்கு விடுதலை உத்தரவு வந்தது. ஜெயிலர் வார்டுக்கே வந்து படித்தார். மற்றவர்கள் கை தட்டினார்கள். வீராசாமி, "எப்போ?" என்று மட்டும் கேட்டார். இன்னும் பன்னிரண்டு நாள் என்றார் ஜெயிலர்.

அடுத்த வாரத்தில் அவர் தம் கண்ணாடியைப் பக்கத்துக் கட்டில் ஆளுக்குக் கொடுத்துவிட்டார். அதை வாங்கித் தர டாக்டர் ஆறு மாதம் கடிதம் எழுதியிருந்தார். "என்ன பெரியவரே, வெளியே போறவருக்குக் கண்ணு வேணாமா?" என்று கேட்டேன். "அவனுக்கு இருக்கட்டும் நைனா" என்றார். நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டு மருந்து கலக்கப் போய்விட்டேன். லிங்கப்பாவைச் சாது என்று நினைத்த அதே புத்தி.

விடுதலைக்கு மூன்று நாள் முன்னால், மத்தியானம், வார்டுக்குப் பின்னால் இருந்த சாமான் அறையிலிருந்து ஒரு கைதி கத்தினான். ஓடினேன். வீராசாமி செய்துகொண்டது என்ன என்பதை இங்கே எழுத மாட்டேன். அதெல்லாம் படிக்கிறவர்களுக்குத் தேவையில்லை. டாக்டர் சாப்பாட்டுக் கையைக் கூடக் கழுவாமல், செருப்பில்லாமல் ஓடி வந்தார். கை கழுவாமல் அவர் ஒரு நோயாளியைத் தொட்டதை அன்று மட்டும்தான் பார்த்தேன். முக்கால் மணி நேரம் போராடி மூச்சைத் திருப்பிக் கொண்டுவந்தோம்.

சாயங்காலம் அவருக்குப் பேச்சு வந்தது. டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டார்.

"என்ன பயம், வீராசாமி?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இங்கே ஒரு நாளைக்கு நாலு தபா எண்ணறாங்க சாமி. ஒரு ஆளு கொறஞ்சா மணி அடிச்சுத் தேடறாங்க. வெளியே என்னை எண்ணறதுக்கு யாரு கீறாங்க?"

டாக்டர் போர்வையை இழுத்து அவர் மார்பு வரை மூடினார்.

அன்று இரண்டு சங்கடங்கள் ஒன்றாக வந்தன. அந்தக் காலத்தில் தற்கொலைக்கு முயல்வது குற்றம். உள்ளபடி எழுதி போலீசுக்கு அனுப்பினால் கிழவர் மேல் புது வழக்கு, புதுத் தண்டனை. எழுதாவிட்டால் மூன்றாம் நாள் காலை அவரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்த வேண்டும். ஜெயிலருக்கு ஒரு சுலபமான வழி தெரிந்தது. சிறைக்கும் கெட்ட பெயர் வராது.

"ஏன்ரீ கம்பவுண்டர், ரிஜிஸ்டர்ல ஜாரி பித்த அந்த பரீரி, முகீத்து" என்றார். வழுக்கி விழுந்தான் என்று எழுது, தீர்ந்தது என்று அர்த்தம்.

பேனாவை எடுத்துவிட்டேன். அதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. டாக்டர் என் கையைப் பார்த்தார். "இருங்க முனிசாமி" என்று எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்து, அலமாரியிலிருந்து சிறைச் சட்டப் புத்தகத்தை எடுத்தார். பக்கம் பக்கமாகப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தார். கடுமையான நோயில் இருக்கும் கைதியை, வெளியே விடுவது பத்திரம் என்று மெடிக்கல் ஆபீசர் நினைக்கும் வரை, அவர் விருப்பத்துக்கு விரோதமாக வெளியே அனுப்பக் கூடாது என்று அதில் இருந்தது.

"என்ன நோய்னு எழுதுவீங்க டாக்டர்?" என்று ஜெயிலர் கன்னடத்தில் கேட்டார்.

"வெளியே போகப் பயம். அந்தப் பயம் இன்னிக்கு மத்தியானம் அவரைக் கொன்னுடப் பார்த்தது. இதைவிடக் கடுமையா என்ன நோய் வேணும் உங்களுக்கு?"

புத்தி தடுமாறிய நிலையில் தமக்குத் தாமே தீங்கு செய்துகொண்டார், இப்போது வெளியே விடுவது ஆபத்து என்று டாக்டர் தம் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். சூப்பரின்டென்டென்ட் அதை ஒப்புக்கொண்டு, வழக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டார். எங்களுக்கு அவகாசம் கிடைத்தது.

"பேரு, நம்பர், குத்தம். இவ்வளவுதான் நமக்குத் தெரியும். வெளியே யார் இருக்கான்னு போய்ப் பார்த்துட்டு வாங்க" என்று டாக்டர் என்னை அனுப்பினார்.

பழைய கோர்ட்டுக் காகிதங்களில் ஒரு மகள் இருந்தாள். விசாரித்துக்கொண்டே போனதில் ஈஜிபுராவில் கண்டுபிடித்தேன். அப்போது அது ஊருக்கு வெளியே, வயல்களைத் தாண்டி நடக்க வேண்டும். பெயர் சரோஜா. இருபத்தெட்டு வயசு. பலகையைப் போட்டுக்கொண்டு ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கையும் முழங்கை வரை கறுப்பு. யார், எங்கிருந்து என்று சொன்னதும் பலகையைத் தள்ளி வைத்தார்.

"உயிரோட இருக்காரா?"

"இருக்கார்மா. விடுதலை ஆகப் போறார். போக இடமில்ல."

"எங்கம்மா விழுந்து கெடந்தப்ப நான் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேண்ணா. பதினாலு வயசு. கோர்ட்டுல சாட்சி சொன்னது நான்தான். எம் புள்ளைங்ககிட்ட தாத்தா செத்துட்டார்னு சொல்லி வெச்சிருக்கேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் என் தலைக்குள் டாக்டரும் ரிஜிஸ்டரும்தான் இருந்தார்கள். "வீட்டுல ஒரு ஓரத்துல வெச்சுக்க முடியுமா, முடியாதா? இன்னிக்கே நான் பதில் கொண்டுபோகணும்மா" என்றேன்.

"இன்னிக்கேன்னா, முடியாதுண்ணா."

சரியென்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். பத்து நிமிஷம் கூட அங்கே இருந்திருக்க மாட்டேன்.

வீராசாமிக்கு எப்படியோ தெரிந்திருந்தது. "ஈஜிபுரா போனியாமே. பொண்ணு நல்லா கீதா?"

"நல்லா இருக்காங்க. ரெண்டு புள்ளைங்க."

"போதும்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆறு வாரம் டாக்டர் அவரை வைத்திருந்தார். வாரத்துக்கு ஒரு முறை பரிசோதித்துக் கையெழுத்துப் போடுவார். தினமும் அதே கட்டில் ஓரம், செத்துப் போகத் தோன்றுகிறதா என்ற அதே கேள்வி. முதல் வாரம் வீராசாமி ஆமாம் என்பார். மூன்றாவது வாரம், "காத்தால வருது, மத்தியானம் போயிடுது" என்றார். ஐந்தாவது வாரம் எழுந்து வந்து மறுபடி நோயாளிகளுக்குத் தண்ணீர் கொடுக்க ஆரம்பித்தார். பக்கத்துக் கட்டில்காரன் கண்ணாடியைத் திருப்பித் தந்தபோது வாங்கிப் போட்டுக்கொண்டார். டாக்டர் அன்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அப்போதுதான் டாக்டருக்கு ஷிமோகாவுக்கு மாற்றல் வந்தது. போகும்போது, "அவசரப்படாதீங்க. ஆளைக் கண்டுபிடிங்க, இடம் அப்புறம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

புதிதாக வந்தவர் கெட்டவரில்லை. வீராசாமியின் நாடியைப் பார்த்தார், மார்பை இரண்டு தரம் கேட்டார். "ஹார்ட் நல்லாயிருக்கு, லங்ஸ் நல்லாயிருக்கு. தண்டனை முடிஞ்ச மனுஷனை எதுக்கு இன்னும் வெச்சிருக்கீங்க?"

"சார், பழைய டாக்டர் வந்து..."

"என்ன நோய்னு நான் எழுதட்டும்? சொல்லுங்க."

வரதராஜன் சொன்ன பதில் எனக்குத் தெரியும். என் வாயில் அது வரவில்லை. விடுதலைக்குத் தகுதி என்று எழுதப்பட்டது.

ஓடி ஓடி ஓர் இடம் பிடித்தேன். எனக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவர் பிரேசர் டவுனில் ஒரு பங்களா கட்டிக்கொண்டிருந்தார். சிமென்ட் மூட்டைகளுக்குக் காவலாக ஓர் ஆள் வேண்டும். தங்க ஒரு ஷெட், இரண்டு வேளை சாப்பாடு. கொத்தனாருக்கு இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். புதன்கிழமை காலை நானே கூட்டிக்கொண்டு போய் விட்டேன். பாதி எழும்பிய சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, "கலவை சரியில்ல" என்றார். அவர் வேலையைப் பற்றிப் பேசுகிறாரே என்று எனக்குச் சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை கேட் வார்டர் என்னைப் பார்த்து வேடிக்கையாகச் சொன்னான். "உங்க கெழவன் நேத்து வந்தான். உள்ளே விடுன்னு கேக்கறான். திருடிட்டு வா, விடறேன்னு அனுப்பினேன்." சிரித்தான். நானும் லேசாகச் சிரித்தேன் என்றுதான் நினைவு. ஓர் ஆள் சிறையின் கேட்டுக்கே வந்து உள்ளே விடு என்று கேட்டிருக்கிறான். அன்றே நான் பிரேசர் டவுனுக்குப் போயிருக்க வேண்டும். மருந்து இருப்புக் கணக்கு முடிக்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை எப்படியும் போகத்தானே போகிறோம் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது மேஸ்திரி வாசலிலேயே நின்றிருந்தார். சனிக்கிழமை மத்தியானம் வீராசாமி தம் உயிரைப் போக்கிக்கொண்டிருந்தார். ஆட்கள் சம்பளம் வாங்கப் போயிருந்த நேரம். மூன்று நாளில் அவரிடம் யாரும் வேலை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை என்று மேஸ்திரி சொன்னார். குற்றம் ஒப்புக்கொள்கிற மாதிரி இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

சவக்கிடங்கில் உடலை வாங்கக் கையெழுத்துப் போட ரத்த சம்பந்தம் வேண்டும் என்றார்கள். ஈஜிபுராவுக்கு ஆள் அனுப்பினேன். வரமாட்டார் என்று நினைத்தேன். சரோஜா புருஷனோடு வந்தார். முகத்தைத் திறந்து காட்டினார்கள். அழவில்லை. வெகுநேரம் பார்த்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, மரத்தடியில் நின்றிருந்த என்னிடம் நேராக வந்தார்.

"அண்ணா, அன்னிக்கு வந்து, வீட்டுல வெச்சுக்க முடியுமான்னு கேட்டீங்க."

"ஆமாம்மா."

"அத எப்படிண்ணா நான் செய்வேன்? அதுக்குப் பதிலா, ஒரு ஞாயித்துக்கெழம வந்து மூஞ்சியப் பார்த்துட்டுப் போன்னு கேட்டிருந்தா வந்திருப்பேன். திட்டறதுக்காவது வந்திருப்பேன். நீங்க அத கேக்கவே இல்ல."

புருஷன் கூப்பிட்டார், போய்விட்டார். நான் அந்த மரத்தடியிலேயே நின்றேன். ஆறு வாரம் அவகாசம் இருந்தது. ஆறு ஞாயிற்றுக்கிழமை. கட்டிலில் ஒரு கிழவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நாலு மைல் தள்ளி அவரைத் திட்டுவதற்காவது வரக்கூடிய ஒரு மகள் இருந்தாள். இடையில் நான் இருந்தேன்.

ஷிமோகாவுக்கு டாக்டருக்கு எழுதினேன். நாலு வரியில் பதில் வந்தது. விடுதலை நாளை மூன்று சமயங்களோடு சேர்க்காமல் விட்டது தம் தப்பு என்றும், நாலாவதாக அதை எழுதிக்கொள்ளச் சொல்லியும் இருந்தது. என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அதன் பிறகு, விடுதலை நெருங்கும் ஒவ்வொரு வயதானவரிடமும் நானே போய் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தேன். யாரும் உத்தரவு போடவில்லை. சிலர் திட்டினார்கள். கேட்டும் இருவரைக் காப்பாற்ற முடியவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் கபூர் சாயபு என்று ஒரு ஜட்கா வண்டிக்காரர். எழுபது வயசு. விடுதலைக்கு இரண்டு மாதம் இருந்தது. போர்வையை மடித்து மடித்து வைத்துக்கொண்டே இருந்தார். கேட்டேன். ஆமாம், தோன்றுகிறது என்றார். பிரேசர் டவுனில் அவர் தம்பி ரொட்டிக் கடை வைத்திருந்தார். போனேன். என்னைப் பார்த்ததுமே, "வீட்டுல எடமில்ல சார், எட்டுப் பேரு இருக்கோம்" என்றார்.

"இடம் கேக்க வரலை பாய். வர்ற ஞாயித்துக்கெழம பத்து நிமிஷம் வந்து பார்த்துட்டுப் போங்க. வேற ஒண்ணும் வேணாம்."

வந்தார். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். தம்பி, "தாந்தாங் கஹாங் கயே பாய்?" என்றார். பல்லெல்லாம் எங்கே போச்சு அண்ணா என்று. கபூர் சாயபு வாயைக் கையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் தம்பி வந்தார்.

விடுதலைக்குப் பிறகும் அவரைத் தம்பி வீட்டில் சேர்க்கவில்லை. ஒரு லாயத்தில் படுத்துக்கொண்டார். ஆனால் தினமும் காலையில் ரொட்டிக் கடையின் படியில் வந்து உட்கார்ந்திருப்பாராம்.

நாலைந்து வருஷம் கழித்து ஒருநாள் அந்தத் தம்பி சிறை ஆஸ்பத்திரிக்கு என்னைத் தேடிக்கொண்டு வந்தார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

"அண்ணன் தவறிட்டார் சார்."

"எப்படி?" என்றேன்.

"நெஞ்சுச் சளி. ஒரு வாரமா ஜுரம். போன வாரம் காத்தால படியில காணோம், தேடிப் போய்ப் பார்த்தா ஜுரத்துல கெடந்தார். நான்தான் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்."

நெஞ்சுச் சளி, ஜுரம் என்று எனக்குள்ளேயே இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவர் அழுதுகொண்டிருந்தார். நான் அவர் தோளைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தேன். அந்த நேரத்தில் எனக்கு வந்தது துக்கமில்லை, நோயில் போனார், தாமாகப் போகவில்லை என்ற நிம்மதி. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.